கொசோவோ: ராணுவம் ஓட்டிய ரயிலும் விமான நிலையமும் யார் கைக்குப் போயின?

1999 நவம்பர் 12. செர்பியாவுக்கு உட்பட்ட, அல்பேனியர் பெரும்பான்மையான மாகாணமாக இருந்த கொசோவோவில் போர் முடிந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ரோமிலிருந்து அதன் தலைநகர் பிரிஸ்டினாவுக்கு வந்துகொண்டிருந்த ஏ.டி.ஆர்-42 விமானம் மித்ரோவிட்சாவுக்குப் பக்கத்தில் ஒரு மலையில் மோதியது. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் வாடகைக்கு எடுத்திருந்த விமானம் அது. பயணிகள் 21 பேர், ஊழியர்கள் 3 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. விபத்தை விசாரித்த பிரெஞ்சு அமைப்பு காரணங்களை வரிசையாகச் சொல்கிறது: மேகத்துக்குள் மலைப்பகுதியில் பறந்தபோது விமானிகள் நடைமுறையை இறுக்கமாகப் பின்பற்றவில்லை, தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி வேலை செய்யாத நிலையிலேயே விமானம் கிளம்பியது, அதை இயக்கிய புதிய நிறுவனம் அந்த ஒரு ஒப்பந்தத்தை நம்பியே பிழைத்துக்கொண்டிருந்தது, அந்த மலைச்சூழல் பழக்கமில்லாத ராணுவக் கட்டுப்பாட்டாளர் விமானத்தை அது போன திசையிலேயே விட்டு மறந்துபோனார். இவற்றோடு இன்னொன்றையும் அறிக்கை சேர்க்கிறது. இயக்கச் சூழலை முன்கூட்டி மதிப்பிடாமல், விமானிகளுக்குத் தகவல் எப்படிப் போய்ச் சேரும் என்றும் பார்க்காமல், அந்த விமான நிலையத்தைச் சிவில் போக்குவரத்துக்குத் திறந்துவிட்டார்கள் என்பதுதான் அது.

போருக்குப் பிந்தைய போக்குவரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிக் காரணத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். படை வந்தது, ஓடுபாதையைச் சரிசெய்தது, தண்டவாளத்தை இணைத்தது, பிறகு ஒருநாள் கையெழுத்துப் போட்டுச் சிவில் நிர்வாகத்திடம் ஒப்படைத்தது என்று கதை நேராக ஓடுகிறது. கையெழுத்து நாளுக்குப் புகைப்படம் இருக்கிறது. திறந்த நாளுக்கும் ஒப்படைத்த நாளுக்கும் நடுவில் கிடக்கும் மாதங்களைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. சிவில் பயணி ராணுவச் சேவையில் ஏறிவிட்டார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய சிவில் அமைப்பு இன்னும் பிறக்கவில்லை. கொசோவோவில் விமான நிலையத்துக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய நாலரை ஆண்டுகள் நீடித்தது. வான்வெளியில் அது இன்றுவரை முழுதாக மூடவில்லை.

கையில் வந்து சேர்ந்தவை

1999 ஜூன் 9 அன்று குமனோவோவில் நேட்டோவுக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் இடையே கையெழுத்தான ராணுவ ஒப்பந்தம், கொசோவோவின் வான்வெளியை நேட்டோ தலைமையிலான கேஃபோர் படைத் தளபதியின் அதிகாரத்தில் வைத்தது. மறுநாள் வந்த ஐ.நா. பாதுகாப்புச் சபைத் தீர்மானம் 1244, சிவில் நிர்வாகத்தை அன்மிக் என்ற ஐ.நா. தூதுக்குழுவிடம் கொடுத்தது. காகிதத்தில் வேலைப் பிரிவினை தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் படை ஜூன் 12 அன்றே உள்ளே வந்துவிட்டது. பாஸ்னியாவிலிருந்து விரைந்து வந்த ரஷ்ய வீரர்கள் அதே நாளில் பிரிஸ்டினாவின் ஸ்லாட்டினா விமான நிலையத்தைப் பிடித்துக்கொண்டதும் ஊரறிந்த கதை. சிவில் நிர்வாகமோ மேசை நாற்காலியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆக, ஓடுகிறவை, பறக்கிறவை எல்லாம் ராணுவத்தின் மடியில் விழுந்தன.

ஆள் பற்றாக்குறைக்குப் பின்னால் ஒரு பத்தாண்டு வரலாறு உண்டு. 1990-91இல் கொசோவோவின் அரசு நிறுவனங்களிலிருந்து அல்பேனிய ஊழியர்கள் கூட்டம்கூட்டமாக வெளியேற்றப்பட்டிருந்தார்கள். 1999 கோடையில் செர்பிய ஊழியர்களில் பலர் ஊரைவிட்டே போனார்கள். எட்டொன்பது ஆண்டுகள் வேலையைத் தொடாதவர்கள் திரும்பி வந்தார்கள். நேற்றுவரை வேலை பார்த்தவர்கள் இல்லை. ராணுவம் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. அதனால் படை வேண்டுமென்றே எதையும் பிடித்துவைத்துக்கொண்டது என்று சொல்வது நியாயமாகாது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் ஒப்படைப்பு என்ற பேச்சே எழாது.

ஓடுபாதை நன்றாக இருந்தால் போதுமா?

ராணுவ விமானதளமும் சிவில் விமான நிலையமும் ஒரே தார்ப்பாதையைப் பகிர்ந்துகொள்ளலாம். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கணக்குகள் வேறு. ராணுவச் சரக்கு விமானத்தின் விமானிக்கு அந்தப் பகுதி பற்றித் தனி விளக்கம் கொடுக்கப்பட்டிருக்கும். வரைபடம் அவர் படையுடையது. ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்கு மேலே ஒரு தளபதி இருக்கிறார். வாடகைக்கு வந்த சிவில் விமானிக்கு இந்த மூன்றும் கிடையாது. அவர் கையில் இருப்பது, தரையிறங்க எந்த வழியில், எந்த உயரத்தில் நெருங்க வேண்டும் என்று காட்டும் வெளியிடப்பட்ட அணுகுமுறை வரைபடமும் ரேடியோவில் கேட்கும் குரலும்தான். ரேடாரில் உங்களைப் பார்க்கிறேன் என்று அந்தக் குரல் சொன்னால், மலையிலிருந்தும் என்னைக் காப்பாற்றுவார் என்றே அவர் எடுத்துக்கொள்வார். குரலுக்குரியவரோ விமானத்தை விமானத்திலிருந்து பிரித்துவைக்கும் பயிற்சியில் வளர்ந்தவராக இருக்கலாம். நவம்பர் 12இல் அந்த இரண்டு எதிர்பார்ப்புகளுக்கும் நடுவில் 24 பேர் இருந்தார்கள்.

பிரிஸ்டினா விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 545 மீட்டர் உயரத்தில், நான்கு பக்கமும் மலை சூழ்ந்த சமவெளியில் இருக்கிறது. வடக்கே கோபவோனிக் மலைத்தொடர் 2,017 மீட்டர் வரை எழுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் கட்டுப்பாட்டாளர் முன்னால் முதலில் இருக்க வேண்டியது, எந்தத் துண்டு வான்வெளியில் எவ்வளவு உயரத்துக்குக் கீழே விமானத்தை இறக்கக் கூடாது என்று காட்டும் குறைந்தபட்ச உயர வரைபடம். அதைத் தயாரிக்க நிலத்தை அளக்க வேண்டும். பழைய யூகோஸ்லாவிய வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்குப் பெஸ்ஸல் நீள்வட்டம் என்ற பழைய கணக்கை வைத்து வரையப்பட்டவை, விமானத்தின் ஜி.பி.எஸ். டபிள்யூ.ஜி.எஸ்-84 என்ற வேறு கணக்கில் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே சில நூறு மீட்டர் விலகல் வரும். ஒரு குன்றின் உச்சியையோ கோபுரத்தையோ பழைய ஆள்கூறில் எடுத்து அப்படியே புதிய வரைபடத்தில் வைத்தால், அது இருக்கும் இடத்தில் இருக்காது. அதனால் தடைகளை ஒவ்வொன்றாக மறுபடி அளக்காமல் எந்த அணுகுமுறையையும் வெளியிடக் கூடாது.

அளந்த பிறகும் வேலை முடிவதில்லை. தகவலை உலகம் முழுக்க விமானிகளுக்குக் கொண்டுசேர்க்கும் முறை 28 நாள் சுழற்சியில் ஓடுகிறது. எல்லோரும் ஒரே நாளில் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிய தாளை வைப்பதற்காகத்தான் அந்தச் சுழற்சி. அதை வெளியிடும் உரிமை ஒரு நாட்டின் விமானத் தகவல் சேவைக்கு உண்டு. கொசோவோவுக்கு அப்போது அப்படி ஒன்று இல்லை. சட்டப்படி அது செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் வேலை. நடைமுறையில் பெல்கிரேட் அங்கே எதையும் நடத்தவில்லை. அறிக்கை சொல்லும் 'தகவல் பரவும் முறையை மதிப்பிடாமல்' என்பதன் பொருள் இதுதான். அளவீடு சரியாகவே இருந்தாலும், விமானி கைக்குப் போய்ச்சேர அதற்கு வழியில்லை.

தீயணைப்பையும் பார்க்கலாம். சிவில் விதிப்படி ஒரு நிலையத்தின் தீயணைப்புத் தகுதியை விமானத்தின் நீளமும் உடல் அகலமும் தீர்மானிக்கும். ஏ320 வந்தால் ஆறாம் வகை போதும். 39 மீட்டரைத் தாண்டும் போயிங் 737-800 வந்தால் ஏழாம் வகை. தண்ணீரின் அளவு, நுரையின் அளவு, வண்டிகளின் எண்ணிக்கை எல்லாம் அதற்கேற்ப உயரும். இவ்வளவையும் படையின் தீயணைப்புப் பிரிவு கொடுத்துவிடும். பிரச்சினை, அந்தப் பிரிவு ஊர் திரும்பும்போது வண்டியும் சேர்ந்து போவதில் இருக்கிறது. ஒப்படைப்புப் பட்டியலில் 'தீயணைப்பு வண்டி' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அது யாருடையது, எந்தத் தேதியில் திரும்பிப் போகும், உதிரிபாகம் எங்கே வாங்குவது என்ற மூன்று பத்திகளும் வேண்டும். படைப்பிரிவுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற இடத்தில், எழுதிவைக்காதது அடுத்த பிரிவுக்குத் தெரியாமலே போகும்.

எரிபொருளிலும் இதே கதை. நேட்டோ படைகள் பயன்படுத்தும் எஃப்-34 என்பது சிவில் விமானங்களின் ஜெட் ஏ-1 எரிபொருளோடு உறைதல் தடுப்பியும் துருத் தடுப்பியும் சேர்த்தது. ஒரே தொட்டியிலிருந்து இரண்டுக்கும் கொடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் சேர்க்கை உள்ள எரிபொருளைச் சிவில் விநியோகத்தில் விடுவதென்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதலும் தரச்சான்றும் வேண்டும். நடைமுறையில் தனித் தொட்டி, தனி வடிகட்டி, தனிப் பதிவேடு வைப்பதுதான் வழி. இதெல்லாம் சிறுவேலை போலத் தெரியலாம். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் தாள்கள் இவைதான்.

இன்னொரு வேறுபாடு கண்ணில் படாதது. 2000 ஆகஸ்டில் அன்மிக் வெளியிட்ட 2000/47ஆம் ஒழுங்குவிதி கேஃபோருக்கும் அன்மிக்குக்கும் அவற்றின் ஊழியர்களுக்கும் சட்ட விலக்கு கொடுத்தது. படையால் சேதம் அடைந்தவர் நீதிமன்றம் போக முடியாது; இழப்பீட்டுக் குழுவிடம்தான் போகலாம், அதுவும் அந்தச் சேதம் ராணுவத் தேவையால் ஏற்பட்டதாக இல்லாவிட்டால்தான். போர்க்களத்தில் இருக்கும் படைக்கு இப்படி ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். டிக்கெட் வாங்கிய பயணியை ஏற்றிக்கொள்ளும் சேவைக்கு இது பொருந்தவே பொருந்தாது. சிவில் ஒப்படைப்பை விரைவுபடுத்த வேண்டும் என்பதற்கு என்னைக் கேட்டால் இதுதான் மிக வலுவான காரணம். செலவு, இறையாண்மை, பெருமை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தண்டவாளம்

ரயிலில் வேலை கொஞ்சம் எளிது. மலையில் மோதாது, திசை மாறிப் போகாது. ஆனால் கொசோவோ ரயிலுக்கு ஒரு பாரம் இருந்தது. 1999 வசந்தத்தில் செர்பியப் படைகள் அல்பேனியர்களைப் பிரிஸ்டினாவிலிருந்து ரயில்களில் அடைத்து மாசிடோனிய எல்லையில் இறக்கிவிட்ட பாதை அதுதான். சில மாதங்களில் அதே பாதையில் செர்பியர்கள் பாதுகாப்புக்காகப் படையினரோடு பயணம் செய்யும் நிலை வந்தது. யார் ஓட்டுகிறார், யார் காவல் என்பது அங்கே நேர அட்டவணையைவிட முக்கியம்.

முதன்மைப் பாதையில் மித்ரோவிட்சா வரையிலான பகுதி 1870களில் ஒட்டோமான் காலத்தில் போடப்பட்டது. பாதை மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயிலிருந்து எலஸ் ஹான் எல்லை வழியாகக் கொசோவோ போல்யே சந்திப்புக்கு வந்து, மித்ரோவிட்சா, ஸ்வேசான், லேஷாக் தாண்டிச் செர்பியாவுக்குள் போகிறது. மின்மயமாகாத 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதை. போர் முடிந்ததும் இத்தாலிய ராணுவத்தின் ரயில்வே பொறியாளர் படை வந்து இதைச் சரிசெய்து ஓட்டத் தொடங்கியது. ரயில் ஓட்டத் தெரிந்த ராணுவப் பிரிவு என்பது உலகில் மிகச் சில நாடுகளிடமே மிஞ்சியிருக்கிறது. அப்படி ஒன்று கிடைத்தது கொசோவோவின் அதிர்ஷ்டம்.

சிக்னல் கெட்டுக் கிடக்கும் பாதையில் ராணுவம் ரயிலை ஓட்டும் முறை எளிமையானது: ஒரு பகுதிக்குள் ஒரே ஒரு ரயில், முன்னும் பின்னும் காவல். நாளுக்கு இரண்டு மூன்று ரயில் என்றால் இது போதும். சிவில் சேவைக்கு மாறும்போது தொலைபேசி மூலம் லைன் கிளியர், அதாவது அடுத்த பகுதி காலியாக இருக்கிறது என்ற அனுமதி, வாங்கும் முறைக்கு வர வேண்டும். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த நிலையத்தைக் கேட்கிறார். அங்கே இருப்பவர், முந்தைய ரயில் கடைசிப் பெட்டியோடு முழுதாக வந்துசேர்ந்ததா என்று கண்ணால் பார்க்கிறார். பாதியில் கழன்ற பெட்டி ஒன்று பாதையில் நின்றால் அடுத்த ரயில் அதில் மோதும். பார்த்த பிறகு எண்ணோடு அனுமதி கொடுக்கிறார். இருவரும் பதிவேட்டில் நேரத்தோடு எழுதுகிறார்கள். அந்த எண்ணை எழுதிய தாள் ஓட்டுநர் கைக்குப் போகிறது. தாள் இல்லாமல் ரயில் நகராது. இந்த முறை உடைவது பெரும்பாலும் பணிமாற்ற நேரத்தில்தான்: போகிறவர் வாயால் சொல்லிவிட்டுப் போவார், வருகிறவர் பதிவேட்டைப் பார்க்க மாட்டார். வடக்கில் செர்பிய ஊழியர்களும் தெற்கில் அல்பேனிய ஊழியர்களும் இருந்த பாதையில், படிவம் இரண்டு மொழியிலும் அச்சாகி, எண்ணைத் திருப்பிச் சொல்லும் வழக்கமும் கட்டாயமானால்தான் நம்பலாம்.

லோகோ விஷயத்தில் ஒரு நல்ல வாய்ப்பு அமைந்தது. யூகோஸ்லாவிய ரயில்வேயின் 661 வகை லோகோக்களில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் 16 சிலிண்டர் 567 வகை டீசல் என்ஜின். போருக்குப் பின் நார்வேயிலிருந்து வந்த பழைய டி-3 லோகோக்களிலும் அதே குடும்ப என்ஜின். நன்கொடை என்றால் கிடைப்பதை வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். அப்படி வாங்கி, ஒவ்வொன்றும் ஒரு நாட்டு வண்டி, ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிபாகம் என்று ஷெட்டில் நின்றுபோன கதைகள் எத்தனையோ. இங்கே பிஸ்டனும் சிலிண்டர் லைனரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். 661இல் கை பழகிய பழைய மெக்கானிக், ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தாலும் டி-3இன் என்ஜின் மூடியைத் திறந்ததும் எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். நன்கொடைப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொருத்தத்தைத்தான் என்பேன்.

அன்மிக் ரயில்வே என்ற பெயரில் சிவில் அமைப்பு உருவானது. சிறுபான்மையினர் பயமின்றிப் பயணிப்பதற்காகக் கொசோவோ போல்யேயிலிருந்து வடக்கே போன 'நடமாட்டச் சுதந்திர ரயில்' அதன் மிக முக்கியமான சேவை. சாலையில் போவது எவ்வளவு ஆபத்து என்பது 2001 பிப்ரவரி 16 அன்று தெரிந்தது: படை வண்டிகளின் காவலோடு செர்பியர்களை ஏற்றிப்போன பேருந்து வரிசையில் ஒரு பேருந்து, பொடுயேவோ அருகே சாலைக்கு அடியில் வைத்த குண்டில் சிதறியது; 12 பேர் இறந்தார்கள். இந்த நிலையில் ரயிலைச் சிவில் அமைப்பிடம் கொடுத்தாலும் காவலைக் கொடுக்க முடியாது. எனவே ஒப்படைப்பு இரண்டு துண்டாகிறது: ஓட்டுவது ஒருவர், காப்பது இன்னொருவர். ரயிலை நிறுத்தும் அதிகாரம் யாருடையது என்பதை முன்பே எழுதிவைக்க வேண்டும். படை அதிகாரி 'நிறுத்து' என்றால் ஓட்டுநர் நேராக நிறுத்துவாரா, கட்டுப்பாட்டு அறை வழியாகவா? நேராக நிறுத்தினால், பின்னால் லைன் கிளியர் கொடுத்த நிலையத்துக்கு அது தெரியாது. அவசர நேரத்தில் இதற்கு விடை தேட நேரமிருக்காது.

இரண்டு வாரம் முன்பு கலவரம்

விமான நிலையத்துக்குத் திரும்பலாம். 1999க்குப் பிறகு அதைப் படைகளே நடத்தின. நெடுங்காலம் இத்தாலிய விமானப்படை. 2003இல் அந்தப் பொறுப்பு ஐஸ்லாந்துக்கு வந்தது. ஐஸ்லாந்துக்கு ராணுவமே கிடையாது. நேட்டோ உறுப்பு நாடு என்ற முறையில் கேஃபோருக்குள் வந்து, தன் சிவில் விமானத்துறை ஆட்களைக் கொண்டு நிலையத்தை நடத்தியது. இந்த ஏற்பாடுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நினைக்கிறேன். படையின் கட்டளைச் சங்கிலிக்குள் இருந்துகொண்டே, சிவில் விதிகளை மட்டுமே அறிந்த ஆட்கள் ஒவ்வொரு இருக்கையிலும் அமர்ந்தார்கள். உள்ளூர்க் கட்டுப்பாட்டாளர்களுக்கு உரிமம் பெறும் பயிற்சி கிடைத்தது. ராணுவ நடைமுறை ஒவ்வொன்றும் சிவில் கையேட்டின் பக்கமாக மாறியது. கையெழுத்து நாள் வந்தபோது மாற வேண்டியது சட்டப்பெயர் மட்டுமே.

கையெழுத்துக்கு நாள் குறித்தது 2004 ஏப்ரல் 1. அதற்கு இரண்டு வாரம் முன்பு, மார்ச் 17, 18 தேதிகளில், கொசோவோ முழுக்கக் கலவரம் வெடித்து 19 பேர் இறந்தார்கள். வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன. ஒப்படைப்பைத் தள்ளிப்போட இதைவிடப் பெரிய காரணம் கிடைக்காது. ஆனாலும் தள்ளிப்போடவில்லை, ஏப்ரல் 1 அன்றே நிலையம் அன்மிக்கின் பொறுப்புக்கு மாறியது. இது சரியான முடிவு. சிவில் விமானப் பாதுகாப்பு ஒரு நாள் பரபரப்பைப் பார்த்து அளக்கப்படுவதில்லை. உரிமம், கையேடு, கண்காணிப்பு என்ற மூன்றும் இருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். அவை இருந்தன. கண்காணிப்பை ஐஸ்லாந்தின் விமானத்துறையே தொடர்ந்தது. கொசோவோ சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பில் உறுப்பாக முடியாத நிலையில், உறுப்பு நாடு ஒன்றின் தணிக்கைதான் விமான நிறுவனங்களுக்கும் காப்பீட்டாளர்களுக்கும் நம்பிக்கை தந்தது. நிலையத்தின் குறியீடு பி.கே.பி.ஆர்.; முதல் எழுத்தை அது பகிர்ந்துகொள்வது ஐஸ்லாந்தோடும் கிரீன்லாந்தோடும்.

ஒப்படைக்காமல் விட்டது

நிலையம் மாறியது, வான்வெளி மாறவில்லை. குமனோவோ ஒப்பந்தப்படி அது கேஃபோர் தளபதியிடமே இருந்தது. மேல்வான்வெளி 1999இலிருந்து மூடிக் கிடந்தது. பால்கனைக் கடக்கும் விமானங்கள் கொசோவோவைச் சுற்றிப் போயின. 2014 ஏப்ரல் 3 அன்றுதான் 20,500 அடிக்கு மேலே திறந்தது. அதை நடத்துவது ஹங்கேரியின் விமானக் கட்டுப்பாட்டு நிறுவனம், புடாபெஸ்டிலிருந்து. மூன்றாவது நாட்டின் உரிமத்தில், மூன்றாவது நாட்டின் ஆட்களைக் கொண்டு ஓடும் இதுவும் ஐஸ்லாந்து வழிதான்.

ரயிலில் இப்படி மூன்றாவது கை கிடைக்கவில்லை. கொசோவோ 2008 பிப்ரவரியில் விடுதலையை அறிவித்த சில நாட்களில், மார்ச் 3 அன்று, செர்பிய ரயில்வே ஸ்வேசானுக்கும் லேஷாக்குக்கும் இடைப்பட்ட பாதையைத் தானே எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. ஊழியர்கள் அங்கே செர்பியர்கள்; தடுக்க யாரும் இல்லை. ஒரே பாதை இரண்டு நிர்வாகமாக உடைந்தது. 2011இல் கொசோவோ ரயில்வே உள்கட்டமைப்புக்கு ஒன்று, ரயில் ஓட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு நிறுவனங்களாகப் பிரிந்தபோதும் வடக்குத் துண்டு அவற்றின் கையில் இல்லை. 2017 ஜனவரியில் 'கொசோவோ செர்பியாவே' என்று 21 மொழிகளில் எழுதிய ரயில் பெல்கிரேடிலிருந்து கிளம்பி எல்லைக்கு முன்பே ராஷ்காவில் நின்றுபோனது.

கீழ்வான்வெளியில் இன்னும் பாக்கி இருக்கிறது. பிரிஸ்டினாவுக்கு வரும் விமானங்கள் செர்பியா வழியாக நேராக இறங்க முடியாமல், தெற்கே வட மாசிடோனியா, அல்பேனியா வழியாகச் சுற்றி வருகின்றன. வியன்னாவிலிருந்து வரும் ஒவ்வொரு விமானமும் இதற்கு எரிபொருளும் நேரமும் கொடுக்கிறது. அளவீடுகள் இருக்கின்றன, உரிமம் பெற்ற கட்டுப்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். பிரிஸ்டினா கோபுரமும் பெல்கிரேட் கட்டுப்பாட்டு மையமும் ஒரு விமானத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ளும் நடைமுறைக் கடிதம், எந்த உயரத்தில், எந்தப் புள்ளியில், எந்தத் தொலைபேசி இணைப்பில் என்று எழுதும் சில பக்கங்கள், கையெழுத்தாக வேண்டும். வடக்குப் பாதைகளைத் திறக்கும் அந்தக் கடிதத்துக்கு நடுவில் நிற்க ஒரு மூன்றாவது நாட்டைத் தேடுவதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை.